மூதூர்த் துறையும் மகரகம வைத்தியசாலையும்



நண்டு என்றால் என்னவென்று திருகோணமலையாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டியாரக் குடாவில் வலை இழுப்போர், நண்டின் கால் வலையிற் சிக்கினால் அதனை விடுவிப்பது எத்துணைச் சிரமம் என்பதை நன்கு அறிவர். இற்றைக்கு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்க நாட்டு வைத்தியர்கள் உடலில் தோன்றிய ஒருவகைக் கட்டியைக் கண்டனர். கட்டியைச் சுற்றி வீங்கிப் பரந்த நாளங்கள் நண்டின் கால்களை நினைவூட்டின. ஆகவே அந்நோய்க்கு நண்டின் பெயரையே இட்டனர். சோதிடத்திற் கடக ராசிக்கு மேனாட்டார் வழங்கும் பெயரும் இந்நோய்க்கு வழங்கும் பெயரும் ஒன்றாயிருப்பது இதனாலேயே. தமிழர் நண்டை விடுத்துப் புற்றைக் கண்டனர். கறையான் புற்றிலே வெளியே தெரிவது சிறிது, மண்ணுக்குள்ளே ஓடுவது பெரிது. பெயரளவில் நோக்கினால் தமிழ்ப் பெயரே நோயின் இயல்புக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது எனலாம்.

உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆயது. தோலிலும் வாயிலும் குடலிலும் பழைய கலம் தேய்ந்து போக, புதிய கலம் பிரிந்து உண்டாகிறது. வேண்டிய அளவு உண்டானதும் பிரிவு நின்றுவிடும். இவ்வொழுங்கை மீறி, நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது பெருகும் கலங்களே புற்றாகின்றன. அவை அருகிலுள்ள இழையங்களைத் துளைத்துச் செல்லும். குருதியோடும் நிணநீரோடும் கலந்து தொலைவிலுள்ள உறுப்புகளிலும் குடியேறும். இது தொற்றுநோயன்று. நோயாளியின் கோப்பையிற் பருகுவதாலோ, ஒரே பாயிற் படுப்பதாலோ இது மற்றவருக்கு வருவதில்லை. இதனை இத்துணை அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நோயாளிக்குத் தனிப் பீங்கானும் தனி மூலையும் ஒதுக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. நோய் தரும் வேதனையிலும் அந்தத் தனிப் பீங்கான் தரும் வேதனை பெரிது.

மூதூரில் வாழும் ஒரு கடற்றொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். அவர் ஒருவரல்லர், அவரைப் போன்றோர் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் திருகோணமலை நகரின் துறைமுக வீதியிலும் பலர் உளர். வயது ஐம்பதை எட்டியவர். பதினைந்து வயது முதல் வெற்றிலை போடுபவர். இரவு முழுவதும் கடலிலே வள்ளத்தில் விழித்திருக்க வேண்டியவருக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை ஆகியன துணைவர்களைப் போன்றவை. அவை உறக்கத்தைப் போக்கும். பசியை மறக்கச் செய்யும். உடம்பிற்குச் சூடு தரும். ஒரு நாள் அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டொன்று தோன்றியது. பின்னர் அது புண்ணாயிற்று. நோவு இல்லை. நோவில்லாத புண்ணைப் பற்றி யார் கவலைப்படுவர்? வெற்றிலையை மறு கன்னத்திற்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவே.

மணவறையிலும் கோயிலிலும் விருந்தினரை வரவேற்கும் தட்டிலும் வெற்றிலைக்குள்ள மதிப்பை எவரும் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆயினும் புகையிலையே தீது, பாக்குத் தீங்கற்றது என்ற எண்ணம் பலரிடம் இருக்கின்றது. அது பிழையான எண்ணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவன என்று 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அறிவித்தது. புகையிலை சேர்ந்தால் தீங்கு பன்மடங்காகும். புகைத்தலும் மதுவும் சேர்ந்தால் இன்னும் பெருகும். இலங்கையில் 2016ஆம் ஆண்டில் மெல்லும் புகையிலைப் பண்டங்களின் விற்பனை தடைசெய்யப்பட்டது. சட்டம் கடையிலுள்ள பொட்டலத்தைத் தடுக்கலாம். மடியிலுள்ள வெற்றிலைச் சுருளைத் தடுப்பது அதன் கையில் இல்லை. இந்நாட்டு ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் நிற்பதற்கும், பெண்களிடையே மார்புப் புற்றுநோய் முதலிடம் பெறும் அதே நாட்டில் முதிய மாதர் பலரும் வாய்ப் புற்றுடன் வருவதற்கும் இச்சுருளே பெருங்காரணம்.

மூன்று வாரங்களில் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, வாயை முன்போல அகலத் திறக்க இயலாமை, கழுத்தில் நோவின்றித் தோன்றும் கட்டி ஆகியவற்றுள் எது தோன்றினும் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை. ஐயமிருப்பின் புண்ணிலிருந்து நெற்மணியளவு இழையம் எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துச் சோதிப்பர். இவ்விடத்திலேதான் பலர் திரும்பிப் போய்விடுகின்றனர். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்பது ஊர்ப்பேச்சு. கத்தி பட்ட பின்னர் இறந்துபோனவர்களை ஊரார் கண்டிருக்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் கத்தியால் இறந்தவர்களல்லர். கத்தி படுவதற்கு ஓராண்டு பிந்தியதால் இறந்தவர்கள். மெழுகு பூசியும் மூலிகை கட்டியும் கடத்திய அந்த ஓராண்டு எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

நமது மூதூர்க்காரரின் புண் புற்றே என்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். அப்பால் அவர் செல்ல வேண்டிய இடம் எது?

ஒரு காலத்தில் மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வருவதே லாஞ்சிப் பயணமாக இருந்தது. கிண்ணியாவில் நீரிணையைக் கடக்கப் படகுப் பாதையையே நம்பியிருந்தனர். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அந்தச் சிரமம் நீங்கிற்று. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கண்டி, காலி முதலிய நகரங்களை அண்டிப் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையங்கள் இப்போது இயங்குகின்றன. எனினும் நாட்டின் தலைமை நிலையமாக அரை நூற்றாண்டுக்கும் மேலாக விளங்குவது, கொழும்பிலிருந்து அவிசாவளை செல்லும் வீதியிலுள்ள மகரகம வைத்தியசாலையே. தேசியப் புற்றுநோய் நிறுவகம் என்று வழங்கிய அதற்கு இப்போது 'அபேக்ஷா' என்று பெயர். புற்றுநோய் என்ற சொல்லை வாயிற்பலகையிற் கண்டதுமே உள்ளம் ஒடிந்துபோகும் நோயாளரைக் கருதி இட்ட பெயர் அது. சிங்களச் சொல்லாயினும் தமிழருக்குப் புதிதன்று. தேர்தற் காலத்தில் 'அபேட்சகர்' என்று சுவரெல்லாம் ஒட்டுகிறார்களே, அந்த அபேட்சையே இது: விருப்பம், எதிர்பார்ப்பு. அபேட்சகர்கள் தரும் எதிர்பார்ப்பிலும் இவ்வைத்தியசாலை தரும் எதிர்பார்ப்புக்கு ஆதாரம் அதிகம் என்று நகைச்சுவையாகச் சொல்பவர்களும் உண்டு.

முழுமையான புற்றுநோய் நிலையம் என்பதன் பொருளை இங்கே விளங்கிக்கொள்ளல் நன்று. அங்கு நோயாளியை ஒரே வைத்தியர் பார்த்து மருந்தெழுதி அனுப்புவதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர், கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் வழங்கும் புற்றுநோய் நிபுணர், இழையத்தைச் சோதித்த நோயியலாளர், கதிர்ப்படங்களை வாசிப்பவர் ஆகியோர் ஒருங்கே கூடி, இவருக்கு எது முதலில், எது பின்னர் என்று தீர்மானிக்கின்றனர். இவர்களுக்குப் பின்னால் வேறொரு படை நிற்கின்றது. கதிரின் அளவைக் கணக்கிடும் பௌதிகவியலாளர், கருவியை இயக்குவோர், தாதியர், பல் வைத்தியர், உணவு ஆலோசகர், விழுங்கவும் பேசவும் மீளப் பழக்குவோர், குடும்பத்தின் நிலையை விசாரிக்கும் சமூக சேவையாளர் ஆகியோர் அப்படையினர். முன்னையோரின் பெயர்கள் நினைவில் நிற்கும். பின்னையோர் இன்றேல் சிகிச்சை பாதியில் நின்றுவிடும்.

இத்தகைய நிலையமொன்று தமிழ் கூறும் நல்லுலகில் எவ்வாறு எழுந்தது என்பதும் அறியத்தக்கது. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் இளைய சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரை அவர் ஆண்டுக்கணக்கில் மனத்திற் சுமந்தார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1950களிலேயே கனடா நாட்டார் வழங்கிய கோபால்ட் கதிர்க்கருவி அங்கு வந்துவிட்டது. டாக்டர் சாந்தா அந்நிலைய வளவிலேயே குடியிருந்து, 2021இல் தமது 93ஆம் வயதில் மறையும்வரை அதற்காகவே உழைத்தார். பணமுள்ளவரிடம் பெற்று, இல்லாதவருக்குச் செலவிடுவது அந்நிலையத்தின் நியதியாயிற்று. இலங்கையிலோ அரசாங்க வைத்தியசாலையில் எவருக்கும் கட்டணமில்லை. அப்படியாயின் ஏழை நோயாளிக்குக் குறை யாது?

குறை, சிகிச்சைக்கு வெளியே இருக்கின்றது. கதிர்ச் சிகிச்சையை ஒரே நாளில் கொடுத்து முடித்துவிட இயலாது. புற்றுக் கலங்களை அழிக்கும் அளவு கதிரை ஒரேயடியாகச் செலுத்தினால் நல்ல இழையமும் வெந்து போகும். ஆகவே அதனைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, கிழமையில் ஐந்து நாட்கள் வீதம் செலுத்துவர். வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் 30 முதல் 35 தடவை, அதாவது ஆறேழு வாரம் ஆகும். நோயாளியின் முகத்தின் அச்சிலேயே பிளாஸ்திக்கு முகமூடி ஒன்று செய்து, தலை அசையாதபடி மேசையோடு பொருத்துவர். கதிர் பாய்வது சில நிமிடங்களே. அது கண்ணுக்குத் தெரியாது, சுடாது, உடம்பில் தங்கவும் தங்காது. நாளொன்றுக்குச் சில நிமிட வேலைக்காக, மூதூர்க்காரர் இரண்டு மாதம் மகரகமவிலே தங்க வேண்டும்.

இரண்டு மாதம் கடலுக்குப் போகாவிடின் வள்ளத்தின் பங்கு இன்னொருவருக்குப் போய்விடும். மனைவி துணைக்குச் சென்றால் பிள்ளைகள் பாட்டியிடம். பாட்டியும் இல்லையேல் மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்குப் போவாள். வைத்தியசாலைக்கு அருகே வாடகை அறை வேண்டும். பேசும் மொழி சிங்களமாயிருக்க, தமிழ் மட்டும் அறிந்தவர் தாதி சொன்னதைப் பாதி விளங்கி, மீதியை ஊகித்து நடப்பார். நான்காவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், சோறு மண்போல இருக்கும். அப்போது ஊரிலிருந்து ஒரு செய்தி வரும். கடன்காரர் வந்து நிற்கிறார் என்றோ, சின்னவனுக்குக் காய்ச்சல் என்றோ. நோயாளி பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். கட்டி சுருங்கிவிட்டதே, இனி என்ன என்று மனம் சமாதானம் கூறும்.

புற்றுநோய் வைத்தியத்தில் இதனிலும் பெரிய இழப்பு வேறில்லை. தொடங்கிய கதிர்ச் சிகிச்சையை இடைநிறுத்தினால், எஞ்சிய கலங்கள் முன்னிலும் விரைந்து பெருகும். விட்ட இடத்திலிருந்து பின்னர் தொடங்கினாலும் முன்னைய பலன் கிட்டுவதில்லை. நான்கு வாரத் துன்பமும் வீண், மருந்தும் வீண், பெண்பிள்ளை இழந்த தவணையும் வீண். ஆகவே நோயாளர் தங்கும் விடுதியும், ஒருவேளைக் கஞ்சியும், தமிழில் எடுத்துச் சொல்லும் ஒருவரும் தருமச் செயல்கள் மாத்திரமல்ல; அவை சிகிச்சையின் பகுதிகளே. புறப்படுமுன் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, நோயாளருக்கான உதவிப்பணம் பற்றி விசாரித்தல் வேண்டும். கேட்பதற்கு நாணுவோர் பலர். கடலிலே வள்ளம் கவிழ்ந்தால் கூவி அழைப்பதற்கு எவரும் நாணுவதில்லை.

நாட்டு மக்கள் இதனை உணராதவர்களல்லர். 2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தென்முனையாகிய தெவுந்தரையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் ஒரு குழுவினர் நடந்தே கடந்தனர். வழியெல்லாம் சிங்கள மக்களும் தமிழ் மக்களும் முஸ்லிம் மக்களும் உடன் நடந்தனர், பணம் கொடுத்தனர். அந்நிதியால் எழுந்ததே தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. அதுவரை வடபகுதி நோயாளருக்கும் மகரகமவே கதியாக இருந்தது. 2016இல் காலி வைத்தியசாலைக்காக அதே வழியில் வடக்கிலிருந்து தெற்கே நடந்தனர். அதே காலத்தில், புற்றுநோய்க்கு மகனை இழந்த ஒரு முஸ்லிம் தந்தை, நோயின் பரம்பலைக் காட்டும் ஸ்கேன் கருவி ஒன்றை மகரகமவுக்குப் பெற்றுக்கொடுக்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தனர் என்றால் அப்பணியின் பரப்பை உணரலாம்.

கதிரைப் போலவே மருந்துச் சிகிச்சையைப் பற்றியும் அச்சம் மிகுதி. மயிர் உதிரும், மீண்டும் முளைக்கும். வாந்தியைத் தடுக்க இப்போது நல்ல மருந்துகள் உள. உண்மையில் அஞ்ச வேண்டியது காய்ச்சலுக்கே. மருந்து ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாட்களுள் குருதியின் வெண்கலங்கள் குறைந்திருக்கும். அவ்வேளையிற் காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால் பனடோல் கொடுத்துப் பார்த்திருத்தல் ஆகாது. இரவாயினும் அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கு விரைந்து, 'புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியவர்' என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வெருகலிலோ புல்மோட்டையிலோ வாழ்பவர், அந்த இரவில் யாருடைய வாகனத்தை அழைப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது.

பிள்ளைகளின் நிலை வேறு. 1948இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுற்ற குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துச் சில மாதங்களேனும் நோயை ஒடுக்கிக் காட்டினார். அதற்கு முன்னர் அக்குழந்தைகள் சில வாரங்களில் மடிந்தனர். இன்று, அவர்களிடையே மிகுதியாகக் காணும் வகையான குருதிப் புற்றில், வளம் மிக்க நாடுகளிற் பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கின்றனர். ஆயின் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். அப்பிள்ளை மொட்டைத் தலையுடன் வகுப்பறைக்குத் திரும்பும் முதல் நாள், வகுப்பாசிரியருக்கு ஒரு பரீட்சை. மற்றப் பிள்ளைகளுக்கு முதல் நாளே விளக்கிச் சொல்லிவிட வேண்டும்; வந்தபின் எல்லோரும் பார்த்திருக்கச் சொல்வது கொடுமை. வகுப்பில் யாருக்கேனும் கொப்புளிப்பானோ சின்னமுத்தோ கண்டால், அன்றைக்கே அப்பிள்ளையின் பெற்றோருக்கு ஆளனுப்ப வேண்டும். மற்றவருக்குச் சிறு நோயாய் வந்து போவது அவனுக்கு உயிராபத்து. நோயாளியான தந்தையை உடைய மாணவியையும் ஆசிரியர் மறத்தலாகாது. இடாப்பில் தொடர்ந்து விழும் வரவின்மைக் கோடுகளுக்குப் பின்னால் மகரகம இருக்கலாம். ஒருவரை வீட்டுக்கு அனுப்பி விசாரித்தால், அயலாரிடம் பிள்ளைகளை ஒப்படைத்து அவளை வகுப்புக்கு மீட்க வழி பிறக்கக்கூடும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு நற்பேறும் வாய்த்துள்ளது. கருப்பைக் கழுத்துப் புற்றை உண்டாக்கும் வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலையிலேயே வழங்கப்பட்டு வருகிறது. பெற்றோர் சிலர் ஒப்பமிடத் தயங்குகின்றனர். புற்றுநோயைத் தடுக்க ஊசி இல்லையே என்று ஏங்கிய தலைமுறைக்குப் பின், ஊசி வந்து வாயிலில் நிற்கையில் தயங்குவது விந்தையே. தாய்மாருக்கோ சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் உண்டு. மார்பிற் கட்டி உண்டா என்று பார்ப்பதும், கருப்பைக் கழுத்துச் சோதனையும் அங்கு நடைபெறும். மருத்துவமாதுவிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார்.

எல்லோரும் பிழைப்பதில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. பிந்தி வந்தவர்களுக்குச் சிகிச்சை இல்லை என்று கூறி அனுப்புவது பழைய வழக்கம். 1967இல் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண் வைத்தியர், நோவைத் தணிப்பதையே தலையாய பணியாகக் கொண்ட இல்லமொன்றைத் தொடங்கினார். மோபியா மருந்தைக் குறித்த நேரத்துக்கு வாயாற் கொடுத்தால் புற்றின் கொடிய நோவும் அடங்கும் என்று அவர் நிலைநாட்டினார். வைத்தியர் சொன்ன அளவில் நோவுக்காக உட்கொள்பவர் அதற்கு அடிமையாவது அரிது. இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் மகரகமவில் நடத்தும் 'சாந்த செவன' இவ்வகை இல்லமே. மருந்து கொடுத்தால் விரைவில் இறந்துவிடுவார் என்று அஞ்சி, தந்தையை இரவு முழுவதும் முனக விட்டு அருகிலிருந்து அழும் பிள்ளைகள் உளர். அழுவதை விடுத்து வைத்தியரிடம் நோவைச் சொன்னால், அவர் உறங்குவார். உறங்கி எழுந்து பிள்ளைகளோடு பேசவும் செய்வார்.

மூதூர்க்காரர் தம் 30 தடவைகளையும் முடித்துத் திரும்பியிருந்தால், அவர் வேலை ஓயவில்லை. முதலிரு ஆண்டுகளில் அடிக்கடியும், பின்னர் இடைவெளி விட்டும் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். உமிழ்நீர் குறைந்தமையால் பல் எளிதிற் பழுதாகும். பல் பிடுங்குமுன் கதிர்ச் சிகிச்சை பெற்றதைப் பல் வைத்தியரிடம் சொல்லியே தீர வேண்டும். தாடை இறுகாதிருக்க நாள்தோறும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி செய்தல் வேண்டும். வெற்றிலைப் பெட்டியை வீட்டில் வைத்திராமல் இருப்பது மனைவியின் பொறுப்பு. வள்ளத்தில் நீட்டாமல் இருப்பது தோழரின் பொறுப்பு.

தவணை நாளுக்கு முதல்நாள் மாலை அவர் கிண்ணியாப் பாலம் கடந்து திருகோணமலைப் புகையிரத நிலையத்துக்கு வருவார். இரவு வண்டியில் ஏறினால் விடியும்போது கொழும்புக் கோட்டை. அங்கிருந்து பஸ்ஸில் மகரகம. கையிலே ஒரு போத்தல் தண்ணீர், நனையாதபடி பொலித்தீன் உறையிற் சுற்றிய கிளினிக் கொப்பி. அதே பெட்டியில், எதிர் ஆசனத்தில், மடியில் இன்னொரு கொப்பியை வைத்துக்கொண்டு முதன்முறையாகச் செல்லும் ஒருவர் அமர்ந்திருந்தால், எந்த வாயிலால் உள்ளே நுழைய வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதை அவரே சொல்லிக்கொடுப்பார்.